53 நிமிஷம்னு காட்டுது, நம்பி புக் பண்ணலாமா? ரெண்டு சின்ன ஏர்போர்ட்டுக்கு நடுவுல போக மூணு வழி

ஃப்ரெண்டு ஒருத்தன் ராத்திரி பதினொரு மணிக்கு, ரெண்டு ஏர்போர்ட்டுக்கு நடுவுல தூரமும் நேரமும் சொல்ற ஒரு ஆன்லைன் கால்குலேட்டரோட ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். ரெண்டு சின்ன ஏர்போர்ட், நடுவுல லேசா வளைஞ்ச ஒரு கோடு, கீழ 300 கிலோமீட்டர், ஃப்ளைட் டைம் 53 நிமிஷம். கூடவே ஒரு வரி, "ரோட்ல 420 காட்டுதுடா, ஃப்ளைட்டே புக் பண்ணிடவா?" செவ்வாய்க்கிழமை காலைல பத்து மணிக்கு அவனுக்கு அங்க இன்டர்வியூ. நான் பதில் டைப் பண்ண ஆரம்பிச்சேன், அது நீண்டுக்கிட்டே போயி அவனே "தூங்கலையாடா"ன்னு கேக்குற அளவுக்கு வந்துடுச்சு. அதைத்தான் கொஞ்சம் சீர் பண்ணி எழுதுறேன். ஊர் பேரை விட்டுடுறேன், எந்த நாட்டுல எந்த ரெண்டு சின்ன ஊரா இருந்தாலும் கணக்கு இதேதான்.

முதல்ல அந்த 53 எங்க இருந்து வந்துச்சுன்னு பாருங்க. இந்த கால்குலேட்டர் எல்லாம் ரெண்டு ஏர்போர்ட்டோட அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்துக்கும், பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரம் உள்ள ஒரு பந்துன்னு வச்சுக்கும், அந்த பந்து மேல ரெண்டு புள்ளிக்கும் நடுவுல ரொம்ப குட்டையான வழி எதுவோ அதை கணக்கு போடும். பூமி நெஜத்துல துருவத்துக்கிட்ட கொஞ்சம் தட்டையா இருக்கறதால அரை சதவீதம் வரைக்கும் தப்பு வரலாம், 300 கிலோமீட்டர்ல அது ஒன்றரை கிலோமீட்டர், அதுக்கெல்லாம் கவலைப்பட வேண்டாம். அதாவது தூரம் சரிதான். நேரத்துலதான் வேலை காட்டுது. நெறைய கால்குலேட்டர் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம்னு வச்சுக்கிட்டு, ஏற இறங்கன்னு மேல ஒரு அரை மணி நேரத்தை சேர்த்து விட்டுடும். 300ஐ 800ஆல வகுத்தா இருபத்திரெண்டரை நிமிஷம், கூட முப்பது, ஆச்சு 53. அந்த ரூட்ல என்ன ஃப்ளைட் ஓடுது, அட ஃப்ளைட் ஓடுதா இல்லையான்னே அதுக்கு தெரியாது. புல் முளைச்சு கிடக்குற ரன்வேக்கும் அது நிமிஷக் கணக்கு சொல்லும்.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, தப்பான கணக்கு போட்டும் விடை ஏறக்குறைய சரியா வந்துடும். சின்ன ஏர்போர்ட்டுக்கு நடுவுல பெரும்பாலும் ஓடுறது ஏடிஆர் 72 மாதிரி இறக்கைல ஃபேன் வச்ச டர்போப்ராப். எழுபது பேரு உக்காரலாம், ஃபுல் வேகத்துல 275 நாட், அதாவது மணிக்கு 510 கிலோமீட்டர் போகும் (ஒரு நாட்ன்னா மணிக்கு 1.852 கிலோமீட்டர்). 300 கிலோமீட்டருக்கு 35 நிமிஷம், ஏறி இறங்கி ரன்வேக்கு உருண்டு போற நேரம் எல்லாம் சேர்த்து இன்னொரு இருபது நிமிஷம் போட்டா 55. ஜெட்டுன்னு நினைச்சு போட்ட கணக்குக்கும் இதுக்கும் ரெண்டு நிமிஷம்தான் வித்தியாசம்.

"அப்ப ஜெட் இருந்தா இன்னும் சீக்கிரம் போகலாம்ல"ன்னு அவன் கேட்டான், எல்லாரும் கேக்குறதுதான். இவ்வளவு சின்ன தூரத்துல ஜெட்டால தன் வேகத்தை காட்டவே முடியாது. பைலட்டுங்க கைவசம் ஒரு கணக்கு வச்சிருப்பாங்க, 1,000 அடி இறங்க மூணு கடல் மைல் வேணும்னு. 35,000 அடில பறந்தா இறங்க மட்டுமே 105 கடல் மைல், கிட்டத்தட்ட 195 கிலோமீட்டர். மேல ஏறவும் அதே மாதிரி ஒரு தூரம் வேணும். மொத்த பயணமே 300தான், அப்புறம் நேரா பறக்க எங்க இடம்? அதனால ஜெட் பாதி உயரத்துலயே நின்னுக்கும், அங்க காத்து அடர்த்தி ஜாஸ்தி, எரிபொருளை குடிச்சு தள்ளும். இதுக்கு மேல பல நாட்டுல 10,000 அடிக்கு கீழ 250 நாட்டுக்கு மேல போகக்கூடாதுன்னு ரூல் வேற இருக்கு, ஜெட்டா இருந்தாலும் சரி, டர்போப்ராப்பா இருந்தாலும் சரி. ஆக மிச்சம் ஆகறது அஞ்சு பத்து நிமிஷம், அதுவும் கதவு திறக்குறப்போ எல்லாரும் ஒண்ணா எழுந்து நிக்கறதுலயே போயிடும். அதுக்கும் மேல ரன்வேன்னு ஒண்ணு இருக்கு, ஏடிஆர் 72க்கு ஏறக்குறைய 1,300 மீட்டர் போதும், ஏ320 மாதிரி ஜெட் ஃபுல் லோடோட ஏற 2,000 மீட்டருக்கு மேல கேக்கும். நெறைய சின்ன ஏர்போர்ட்ல அவ்வளவு நீளமே கிடையாது.

ஃபேன் தெரியுதுன்னு பழைய வண்டின்னு நினைச்சு பயப்படுறவங்க இருக்காங்க. உள்ள இருக்கறது ஜெட் எஞ்சின்ல இருக்குற அதே டர்பைன்தான், அது வெளிய ஒரு ஃபேனை சுத்துது, அவ்வளவுதான் விஷயம். தாழ்வா பறக்கறதால மேகத்துக்குள்ளயே போக வேண்டி வரும், ஆட்டம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும், அதை ஒத்துக்கறேன்.

சரி, வழிக்கு வருவோம். அவனுக்கு மூணு வழி இருந்துச்சு. நேரா டர்போப்ராப், பெரிய ஏர்போர்ட் வழியா ரெண்டு ஃப்ளைட், இல்ல தரை வழி. மூணையும் வீட்டு வாசல்ல இருந்து போற இடத்து வாசல் வரைக்கும்தான் கணக்கு போடணும், வானத்துல இருக்குற நேரத்தை மட்டும் பாத்து முடிவு பண்றவன் கண்டிப்பா ஏமாறுவான்.

நேரா போற ஃப்ளைட்டுக்கு டிக்கெட்ல 1 மணி 5 நிமிஷம்னு போட்டிருந்துச்சு, கால்குலேட்டர் சொன்ன 53 இல்ல. டிக்கெட்ல இருக்கறது பிளாக் டைம், அதாவது சக்கரத்துக்கு முட்டு கொடுத்த கட்டையை எடுத்த நேரத்துல இருந்து அங்க போயி மறுபடி முட்டு கொடுக்குற வரைக்கும். தாமதத்துக்குன்னு அஞ்சு பத்து நிமிஷத்தை கம்பெனிக்காரங்க அதுலயே ஒளிச்சும் வச்சிருப்பாங்க, அதனாலதான் லேட்டா கிளம்பியும் சில ஃப்ளைட் கரெக்ட் டைமுக்கு போய் சேரும், பைலட் ஏதோ விரட்டி ஓட்டிட்டார்னு நாம நினைச்சுக்குவோம். வீட்ல இருந்து ஏர்போர்ட் 40 நிமிஷம், அங்க முக்கால் மணி முன்னாடி போனாலும் போதும்னாலும் பயத்துக்கு ஒண்ணேகால் மணி நேரம், ஃப்ளைட் 1 மணி 5, லக்கேஜ் எடுக்க கால் மணி, அங்கிருந்து ஊருக்குள்ள 40 நிமிஷம். மொத்தம் 3 மணி 55 நிமிஷம். 53 நிமிஷம்னு ஆரம்பிச்ச கணக்கு நாலு மணி நேரத்துல வந்து நிக்குது பாருங்க. ஆனா சின்ன ஏர்போர்ட்டோட சொகுசே தனி, கதவுல இருந்து ஃப்ளைட்டுக்கு நடந்தே போயிடலாம், ரன்வேக்கு உருண்டு போக மூணு நிமிஷம், க்யூவுல பத்து பேருக்கு மேல இருக்க மாட்டாங்க.

காத்தையும் சொல்லிடுறேன், இதை யாரும் பாக்கறதில்ல. 275 நாட்ல போற ஃப்ளைட்டுக்கு 50 நாட் எதிர்காத்து அடிச்சா தரை மேல வேகம் 225 நாட்தான், 35 நிமிஷம் 43 ஆயிடும். அதே காத்து பின்னாடி இருந்து தள்ளினா 30. போறப்போ ஒரு நேரம், வர்றப்போ ஒரு நேரம்னு டிக்கெட்ல இருக்கறதுக்கு பல சமயம் இதுதான் காரணம். இன்னும் சின்ன வண்டி, செஸ்னா கேரவன் மாதிரி ஒத்த எஞ்சின்ல 180 நாட் போறதுன்னா அடி பலமா விழும், காத்தில்லாம 54 நிமிஷம் ஆகுற தூரம் 50 நாட் எதிர்காத்துல ஒண்ணேகால் மணி நேரம் ஆயிடும். நேர வித்தியாசம் இன்னொன்னுல இருந்தும் வரும், ரெண்டு ஊரும் வேற வேற டைம் ஜோன்ல இருந்தா. கிளம்புற டைமும் சேர்ற டைமும் அந்தந்த ஊர் கடிகாரப்படிதான் போட்டிருக்கும், ரெண்டையும் கழிச்சு பாத்துட்டு "அஞ்சு நிமிஷத்துல போயிடுதுடா"ன்னு சொன்ன ஆளை நான் நேர்ல பாத்திருக்கேன்.

ரெண்டாவது வழி, பெரிய ஏர்போர்ட்ல மாறிப் போறது. மேப்ல பாத்தா அபத்தமா இருக்கும், 300 கிலோமீட்டர் போகணும்னா முதல்ல 450 கிலோமீட்டர் வேற திசைல போயி அங்கிருந்து 500 கிலோமீட்டர் திரும்பி வரணும், மூணு மடங்குக்கு மேல. முதல் ஃப்ளைட் 1 மணி 15, நடுவுல ரெண்டு மணி நேரம், ரெண்டாவது 1 மணி 20, ஏர்போர்ட் போக வர அதே கணக்கு சேர்த்தா 7 மணி 25 நிமிஷம். இதுக்கு தரை வழியே மேல், 420 கிலோமீட்டரை சராசரி 65ல ஓட்டினா ஆறரை மணி நேரம், நடுவுல முக்கால் மணி நிறுத்தினாலும் ஏழேகால். கார் பத்து நிமிஷம் முந்திடுது! இந்த இடத்துல அவன் நம்பவே இல்ல, கால்குலேட்டரை எடுத்து ரெண்டு தடவ தட்டிப் பாத்தான்.

ஆனா மாறிப் போற வழியை ஒரேடியா தள்ளிடவும் முடியாது. அதுக்கு காரணம் நேரம் இல்ல, எண்ணிக்கை. நேரா போற ஃப்ளைட் வாரத்துக்கு மூணு நாள்தான், திங்கள், வியாழன், சனி, சாயந்திரம் நாலு மணிக்கு ஒண்ணு. பெரிய ஏர்போர்ட்டுக்கு தினமும் ரெண்டு மூணு இருக்கும். என் அனுபவத்துல சின்ன ஏர்போர்ட் ரூட்டை எடை போடுறதுக்கு ஒரே ஒரு கேள்வி போதும், இது கேன்சல் ஆச்சுன்னா அடுத்தது எப்போ? பதில் "ரெண்டு மணி நேரத்துல"ன்னா நிம்மதியா புக் பண்ணலாம், "வியாழக்கிழமை"ன்னா ரெண்டு தடவ யோசிக்கணும்.

கேன்சல் ஆகறதும் சின்ன ஏர்போர்ட்ல சும்மா ஆகறதில்ல, அதுக்கு காரணம் இருக்கு. பெரிய ஏர்போர்ட்ல ஐஎல்எஸ்னு ரேடியோ அலையிலயே ஃப்ளைட்டை ரன்வே வாசல் வரைக்கும் கூட்டிட்டு வர்ற ஏற்பாடு இருக்கும், சின்ன இடத்துல பல சமயம் அது இருக்காது, மேகம் தாழ்வா இருந்தாலோ பனிமூட்டம் இருந்தாலோ ரன்வே கண்ணுக்கு தெரியற வரைக்கும் காத்திருந்துட்டு தெரியலன்னா திரும்பிட வேண்டியதுதான். சில இடத்துல ராத்திரி விளக்கே கிடையாது, பொழுது சாய்ஞ்சா கதவை மூடிடுவாங்க, அதனால காலைல எங்கயோ ஒரு மணி நேரம் லேட்டானது சாயந்திர ஃப்ளைட்டை மொத்தமா கேன்சல் ஆக்கிடும். ஒரே விமானம்தான் காலைல இருந்து நாலு ஊர் சுத்திட்டு நம்மகிட்ட வரும், அதுல ஒரு கோளாறுன்னா மாத்து வண்டி நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நிக்கும். ரேடார் இல்லாத இடத்துல ஒரு ஃப்ளைட் இறங்கி முடிக்கிற வரைக்கும் இன்னொண்ணு வெளிய வட்டம் போட்டுக்கிட்டு இருக்கணும்.

வெயிலும் சேர்ந்து விளையாடும். வெப்பம் ஏற ஏற காத்து லேசாகும், இறக்கைக்கு தூக்குற சக்தி குறையும், எஞ்சினும் சோந்து போகும், ரன்வே குட்டையா இருந்தா எடையை குறைச்சாதான் ஏற முடியும். மேட்டுல இருக்குற ஏர்போர்ட்டுன்னா இன்னும் மோசம். எனக்கே ஒரு தடவ நடந்துச்சு, நான் போய் இறங்கிட்டேன், என் பெட்டி வரல, கேட்டா எடை ஜாஸ்தியானதால பத்து பெட்டியை அங்கயே இறக்கி வச்சுட்டோம், அடுத்த ஃப்ளைட்ல வரும்னு சாவகாசமா சொல்றாங்க. அடுத்த ஃப்ளைட் மூணு நாள் கழிச்சு. அன்னைல இருந்து முக்கியமான காகிதம், மாத்திரை, ஒரு செட் துணி எல்லாம் தோள் பைலதான், அந்த பையும் சின்னதா இருக்கணும், ஏன்னா டர்போப்ராப்ல தலைக்கு மேல இருக்குற அலமாரி ரொம்ப சின்னது, சக்கரம் வச்ச கேபின் பெட்டியை படிக்கட்டுக்கிட்டயே வாங்கி கீழ போட்டுடுவாங்க.

மாறிப் போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரெண்டு ஃப்ளைட்டும் ஒரே டிக்கெட்ல இருந்தா முதல் ஃப்ளைட் லேட்டாகி ரெண்டாவது போயிட்டாலும் அடுத்ததுல ஏத்தி விடுறது கம்பெனியோட பொறுப்பு. தனித்தனியா வாங்கி ஒட்டினா அது உங்க தலைவலி, பெட்டியையும் நடுவுல எடுத்து மறுபடி செக்-இன் பண்ணணும், ரெண்டு மணி நேரம் பத்தவே பத்தாது. அப்புறம் "டைரக்ட்"னு போட்டிருந்தா நடுவுல எங்கயும் இறங்காதுன்னு அர்த்தம் கிடையாது. ஒரே ஃப்ளைட் நம்பர்ல நடுவுல ஒரு ஊர்ல நின்னு ஆள் ஏத்திட்டு போனாலும் அது டைரக்ட்தான், நிக்காம போறதுக்கு பேரு நான்-ஸ்டாப். சின்ன ஏர்போர்ட் ரூட்ல இந்த மாதிரி பஸ் கணக்கா நின்னு போற ஃப்ளைட் சகஜம், புக் பண்ணும்போது ஸ்டாப் எத்தனைன்னு ஒரு தடவ தட்டிப் பாத்துக்கோங்க.

தரை வழியை மட்டமா நினைக்கிற பழக்கத்தையும் விடணும். ஃபிரான்ஸ்ல ட்ரெயின்ல ரெண்டரை மணி நேரத்துக்குள்ள போக முடியுற சில உள்நாட்டு ரூட்ல ஃப்ளைட்டே கூடாதுன்னு 2023ல அமலுக்கு கொண்டு வந்தாங்க. கார்பனை குறைக்கத்தான் செஞ்சாங்க, ஆனா வாசலுக்கு வாசல் கணக்கு போட்டா அந்த தூரத்துல ஃப்ளைட்டுக்கு ஏற்கனவே பெரிசா லாபம் இல்ல. இன்னொரு கதை, ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூணும் சுத்தி இருக்குற கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு குறுக்க ஆல்டன்ரைன்ல இருந்து ஃபிரீட்ரிஷ்ஹாஃபனுக்கு 2016 கடைசில ஒரு ஃப்ளைட் விட்டாங்க, தூரம் சுமார் 20 கிலோமீட்டர், எட்டே நிமிஷம். ஒரு வருஷம் கூட தாக்குப்பிடிக்கல, 2017லயே நிறுத்திட்டாங்க. ஆனா ஸ்காட்லாந்துக்கு வடக்க ஓர்க்னி தீவுகள்ல வெஸ்ட்ரேல இருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 1967ல இருந்து ஃப்ளைட் ஓடுது, தூரம் 2.7 கிலோமீட்டர், டைம் டேபிள்ல ரெண்டு நிமிஷம், காத்து தோதா இருந்தா ஒரு நிமிஷத்துக்குள்ளயே இறங்கிடும். எட்டு நிமிஷ ஃப்ளைட் செத்துப் போச்சு, ரெண்டு நிமிஷ ஃப்ளைட் அறுபது வருஷத்தை நெருங்குது. முதல்ல சொன்னதுக்கு கரையோட சுத்திப் போக ரோடு இருந்துச்சு, ரெண்டாவதுல நடுவுல கடல், டாக்டரும் டீச்சரும் போக வர வேற வேகமான வழி இல்ல. தூரத்தை வச்சு ஒரு ஃப்ளைட் தேவையா இல்லையான்னு சொல்லவே முடியாது, தரையில என்ன வழி இருக்குன்னு பாத்துட்டுதான் சொல்லணும். நம்ம ஆளோட 300க்கும் 420க்கும் நடுவுல இருக்குற 120 கிலோமீட்டர் வித்தியாசமும் அதைத்தான் சொல்லுது, நடுவுல மலையோ தண்ணியோ இருக்கு, ரோடு சுத்திப் போகுது. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிசோ அவ்வளவுக்கு ஃப்ளைட்டுக்கு மவுசு. ரெண்டும் ஒட்டி ஒட்டி இருந்து ரோடும் நல்லா இருந்துச்சுன்னா 300 கிலோமீட்டருக்கு நான் ஏர்போர்ட் பக்கமே போக மாட்டேன்.

காரை பத்தி ஒண்ணு, ஏழேகால் மணி நேரம்னு சொன்னேன்ல, அது ரெண்டு பேரு மாத்தி மாத்தி ஓட்டுறப்போ. தனியா ஓட்டிட்டு போயி மறுநாள் காலைல இன்டர்வியூல கண்ணு சொருகிக்கிட்டு உக்காரறதா? மூணு நாலு பேரு சேர்ந்து போறாங்கன்னா கதையே வேற, செலவும் பிரிஞ்சுடும், திரும்பற நேரமும் நம்ம கைல. ட்ரெயின் அந்த ரூட்ல ராத்திரி ஒம்பதரைக்கு கிளம்பி காலைல ஆறரைக்கு போகுது, ஒம்பது மணி நேரம். கணக்குல எல்லாத்துலயும் மெதுவானது இதுதான், ஆனா அதுல ஏழு மணி நேரம் எப்படியும் தூங்கத்தான் போறோம், அந்த நேரத்தை செலவுல எழுதறது நியாயமே இல்ல.

ஆக நான் அவனுக்கு சொன்னது இதான். திங்கக்கிழமை நாலு மணி ஃப்ளைட்டை போடு, செவ்வாய்க்கிழமை இன்டர்வியூக்கு முந்தின நாளே போறதால ரெண்டு மணி நேரம் லேட்டானாலும் பரவால்ல. மொத்தமா கேன்சல் ஆனாலும் உனக்கு அஞ்சு மணிக்குள்ள தெரிஞ்சுடும், ஒம்பதரை ட்ரெயின் அதுக்கப்புறம் இருக்கு, அதுல ஒரு டிக்கெட்டை இப்பவே எடுத்து வச்சுக்கோ, தேவைப்படலன்னா கேன்சல் பண்ணிக்கலாம், கொஞ்சம் காசு போனா போகட்டும். வர்றதுக்கு ஃப்ளைட் பாக்காத, செவ்வாய்க்கிழமை மதியம் வேலை முடிஞ்சா அடுத்த ஃப்ளைட் வியாழக்கிழமை, அதுக்காக ரெண்டு ராத்திரி ரூம் போட்டு உக்காந்திருந்தா 53 நிமிஷம் ரெண்டு நாளாயிடும். அன்னைக்கு ராத்திரி ட்ரெயின் ஏறிடு.

அவன் கடைசியா கேட்டது, "அப்ப இதே இன்டர்வியூ புதன்கிழமை இருந்திருந்தா?" இருந்திருந்தா போக வர ரெண்டுக்குமே ட்ரெயின்தான்டா, திங்கக்கிழமையே போயி என்ன பண்ணப் போற?